கரண்ட் போன நேரத்து ஊமைப்படங்கள்

இலங்கையில் பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். அந்த நாட்களில் கொழும்பில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் நானும் அம்மாவும் அம்மாயியும் இருக்கிறோம். ஃபேன் நின்று ஐந்தாவது நிமிடம் தகரக் கூரையின் சூடு தலையில் இறங்கும். போனில் சார்ஜ் மிச்சம் பிடிக்க வேண்டும், எடுத்தாலும் சிக்னல் இருக்காது. மிஞ்சியது என் லேப்டாப் ஒன்றுதான். பற்றரி இரண்டு மணித்தியாலம் தாங்கும். ஆனால் அதன் ஸ்பீக்கர் முந்தின வருடமே செத்துப் போயிருந்தது. ஒரு இயர்போனை மூன்று பேர் பங்குபோடவும் முடியாது.

அந்தச் செத்த ஸ்பீக்கரால்தான் ஊமைப்படம் பார்க்கத் தொடங்கினேன். எனக்கு அப்படியொரு ரசனை இருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

கொழும்புக் கோட்டைப் பகுதியில் நான் வேலை செய்யும் கந்தோரில் ஒரு அண்ணா இருக்கிறார், பழைய படப் பைத்தியம். என் புலம்பலைக் கேட்டுவிட்டு ஒரு பென்டிரைவ் நிறையப் போட்டுத் தந்தார். "இதுக்குச் சத்தம் தேவையில்லை தங்கச்சி, கொண்டுபோய்ப் பாருங்கோ." முதல் இரவு, இருந்ததிலேயே பெரிய பெயரைத் தேர்ந்தெடுத்தேன். அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் 1916இல் எடுத்த 'இன்டாலரன்ஸ்'. நான்கு காலத்துக் கதைகளை மாறி மாறிப் பின்னிக்கொண்டு மூன்று மணித்தியாலம் போகிற படம். அதில் ஒன்றான பபிலோன் கதை வருவதற்குள் தூங்கிவிட்டேன். அம்மா எழுப்பியபோது பற்றரியும் தீர்ந்திருந்தது. இப்போது யாராவது பழைய படம் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். வரலாற்றுப் புத்தகத்தில் முதலிடத்தில் இருக்கிற படத்தை முதல் நாள் தொடாதீர்கள்.

அடுத்த நாள் கோபத்தில், இருப்பதிலேயே சின்ன கோப்பு எது என்று பார்த்துத் திறந்தேன். ஒரு நிமிடம்கூட இல்லை. தோட்டக்காரர் ஒருவர் குழாய்ப் பைப்பால் செடிகளுக்குத் தண்ணீர் அடிக்கிறார். பின்னால் வரும் பொடியன் பைப்பை மிதிக்கிறான். தண்ணீர் நின்றுவிட்டதே என்று அவர் பைப்பின் வாயை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார். பொடியன் காலை எடுக்கிறான்.

பக்கத்தில் விசிறியோடு இருந்த அம்மாயி சிரித்தார். "இன்னொருக்கா போடு" என்றார். அந்த இரவு ஏழு தடவை போட்டிருப்பேன்.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் ஒரு கஃபேயின் நிலவறையில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களில் இதுவும் ஒன்று. ரயிலைக் கண்டு சனம் எழுந்து ஓடியது என்று ஒரு கதை சொல்வார்களே, அந்த ரயில் அன்றைய பத்தில் இல்லை. அது அடுத்த வருடம்தான் காட்டப்பட்டது. ஓடிய கதையையும் ஆராய்ச்சியாளர்கள் பலர் இன்று நம்புவதில்லை. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. அதே பத்தில் ஒரு குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டும் படம் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் வியந்தது குழந்தையை அல்லவாம், பின்னால் அசைந்த மரத்து இலைகளை. மேடை நாடகத்தில் திரையில் வரைந்த மரம் அசையாதுதானே.

இந்தச் சின்னப் படங்களைப் பார்க்க நான் பழகிய முறை இது. முதல் தடவை நடுவில் நடப்பதைப் பார்ப்பேன். இரண்டாம் தடவை ஓரங்களை மட்டும். தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியே வரும் படத்தில் தொப்பி போட்ட பெண்கள், சைக்கிள், நாய் எல்லாம் ஓரத்தில்தான் கிடைத்தன. அந்தப் படம் மூன்று தடவை எடுக்கப்பட்டது. ஒன்றில் ஒரு குதிரை, இன்னொன்றில் இரண்டு குதிரை, மற்றதில் குதிரையே இல்லை. மூன்றையும் சேர்த்துப் பார்க்க மூன்று நிமிடம் போதும். இதற்குப் பொறுமை வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியாது.

பிறகு கீழ்வீட்டுப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். இரண்டு பொடியன், ஒரு பெட்டை. அவர்களுக்குக் கரண்ட் வெட்டு என்றால் டியூஷன் இல்லை. பிள்ளைகளுக்காக சிரிப்பு நடிகர் பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்' எடுத்தேன், 1920ஆம் ஆண்டுப் படம், இரண்டு ரீல், அதாவது இரண்டு படச்சுருள். புதிதாய்க் கல்யாணம் முடித்த சோடிக்குத் துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்த வீடொன்று பரிசாக வருகிறது. இலக்கப்படி பொருத்தினால் வீடு. பெண்ணை விரும்பித் தோற்றுப்போன ஒருவன் இலக்கங்களை மாற்றி எழுதிவிடுகிறான். வீடு கோணலாக எழும்புகிறது, புயலில் பம்பரமாய்ச் சுற்றுகிறது, கடைசியில் இழுத்துப் போகும்போது தண்டவாளத்தில் மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது. சின்னப் பொடியன் கண்ணைப் பொத்திக்கொண்டான். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தால் போய்விட்டது. அவன் கையை எடுத்த அதே கணம் மற்றப் பக்கத்திலிருந்து வேறொரு ரயில் வந்து வீட்டைச் சிதறடித்தது. அவன் போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டுக்காரர் மெழுகுதிரியோடு வெளியே வந்தார்.

அம்மாயிக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. பிள்ளைகளுக்கும் வாசிக்கிற வேகம் போதாது. அதனால் நடுவில் வரும் எழுத்து அட்டைகளை நான் தமிழில் சத்தமாய்ச் சொல்ல வேண்டி வந்தது. முதலில் அப்படியே மொழிபெயர்த்தேன், சரிவரவில்லை. பிறகு "இவன் யாரு தெரியுமா, அந்தப் புள்ளைய கட்டணும்னு நினைச்சவன்" என்று அம்மாயி பேச்சிலேயே சொல்லத் தொடங்கினேன். எல்லோரும் படத்துக்குள் வந்துவிட்டார்கள். பின்னால்தான் தெரிந்தது, நான் செய்தது ஒரு பழைய தொழில் என்று. ஜப்பானில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்பவர்களுக்கு பென்ஷி என்று பெயர், நடிகர்களைவிட அவர்களுக்காகவே சனம் வந்த காலம் உண்டு. நம் பக்கத்திலும் எழுத்தறியாத சனத்துக்குக் கதை சொல்ல ஆள் நின்றிருக்கிறார்கள். திருச்சியில் ரயில்வேயில் படவரைவாளராய் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராய்க் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அம்மாயியின் பாட்டனார் காலத்து ஊர்ச்சனம் அதில் ஏதாவது ஒரு கூடாரத்தில் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை, ஆசைதான்.

அட்டைகள் ஏன் அவ்வளவு நேரம் திரையில் நிற்கின்றன என்று முன்பு எரிச்சல்பட்டிருக்கிறேன். மெதுவாய் வாசிப்பவருக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு வாசித்துச் சொல்பவருக்கும் சேர்த்துக் கொடுத்த நேரம் அது. ஊமைப்படத்தைத் தனியாக, இயர்போனோடு, இரவு பன்னிரண்டு மணிக்குப் பார்த்து அலுத்துப் போனவர்கள் ஒரு தடவை வீட்டில் இருக்கிற வயதானவரையும் ஒரு பிள்ளையையும் பக்கத்தில் இருத்திப் பாருங்கள். ஒரே படமா என்று கேட்பீர்கள்.

வேகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய படத்தில் எல்லோரும் கோழி மாதிரிக் குடுகுடுவென்று ஓடுவார்கள் என்பது நம் எல்லோருக்கும் பதிந்த எண்ணம். அது பெரும்பாலும் பின்னால் வந்த பிழை. கையால் சுற்றிய கமெரா விநாடிக்கு 16 பிரேம் (தனித்தனிப் படம்), 18, 20 என்று எடுத்தது. பேசும்படம் வந்த பிறகு 24 என்று நிலைத்துவிட்டது. 16இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகம். கணக்கு லேசு. ஒரு ரீல் 1,000 அடி, அடிக்கு 16 பிரேம். விநாடிக்கு 16 என்றால் ஒரு ரீல் கிட்டத்தட்ட 17 நிமிடம் ஓடும், 24 என்றால் 11 நிமிடம். ஆறு ரீல் படம் ஒன்று ஒரு பிரதியில் 67 நிமிடமாகவும் இன்னொன்றில் 100 நிமிடமாகவும் இருந்தால், குறைந்ததில் வெட்டு விழுந்திருக்க வேண்டும் என்பதில்லை, வேகமாய் ஓட்டியிருக்கலாம்.

அந்த மாதிரிப் பிரதி கையில் கிடைத்தால் விஎல்சி பிளேயரில் வேகத்தை 0.75க்கோ 0.67க்கோ இறக்கிப் பாருங்கள். யாராவது சும்மா நடந்து போகும் இடத்தில் நிறுத்திச் சரிசெய்வது நல்லது. தண்ணீர் கொட்டும் இடமும் உதவும். ஆனால் சிரிப்புப் படங்களில் கை வைக்க வேண்டாம். அவர்கள் வேண்டுமென்றே மெதுவாய்ச் சுற்றி, ஓடும்போது வேகமாய்த் தெரியும்படி எடுத்திருப்பார்கள். ஒருமுறை நான் கீட்டனை 0.67இல் போட்டுவிட்டு, இவர் ஏன் இன்று சிரிப்பு மூட்டவில்லை என்று குழம்பியிருக்கிறேன்.

பிரதி விஷயத்தில் பட்ட அவமானத்தையும் சொல்ல வேண்டும். பேய்ப்படம் கேட்டுப் பிள்ளைகள் தொல்லை கொடுத்தார்கள். 1922இல் வந்த 'நொஸ்ஃபெராட்டு'வை எடுத்து, விளக்கை எல்லாம் அணைத்து, பெரிய பில்டப் கொடுத்துத்தான் போட்டேன். இரத்தம் குடிக்கிற பிரபு சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு நகரத்துக்குள் வருகிறார். பெட்டை கேட்டாள்: "அக்கா, பேய் ஏன் வெயில்ல நடக்குது?"

பதில் இல்லை. உண்மையிலேயே நல்ல வெயில், சுவரில் நிழல் விழுகிறது. அடுத்த நாள் கந்தோர் அண்ணாவிடம் கேட்டேன், அவர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் காலத்து படச்சுருளில் இரவை இரவிலேயே எடுப்பது கடினம். பகலில் எடுத்து, பிரதியை நீலச் சாயத்தில் தோய்ப்பார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் விளக்கு வெளிச்சம், சிவப்பு என்றால் தீ. பார்த்த சனத்துக்கு இந்த மொழி தெரியும். நான் இறக்கியது சாயம் போன மலிவுப் பிரதி. புதுப்பித்த பிரதியில் அதே காட்சி நீலமாய் இருக்கிறது, பேய் நள்ளிரவில்தான் நடக்கிறது. கறுப்பு வெள்ளைக் காலம் என்று நாம் சொல்லும் காலத்தில் பெரும்பாலான படங்கள் ஏதோ ஒரு நிறத்தோடுதான் ஓடின. ஆகவே ஒரு பழைய படம் பிடிக்கவில்லை என்றால், படத்தைத் திட்டுவதற்கு முன்பு வேறு பிரதி தேடுங்கள். பெரிய ஆவணக் காப்பகங்கள் புதுப்பித்து வெளியிட்டதா, நீளம் எவ்வளவு என்று பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இசையும் இதே கதைதான். இணையத்தில் கிடைக்கும் பல பிரதிகளில் யாரோ கைக்கு வந்த பியானோவை ஒட்டியிருப்பார்கள், அழுகைக் காட்சியில் துள்ளல் மெட்டு வரும். நான் அதை அணைத்துவிடுகிறேன். எங்கள் கூரையில் மழை பெய்தால் அது போதும்.

பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு முன்பு நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நூறு வருடத்துக்கு முந்தைய சினிமாவில் நூறு வருடத்துக்கு முந்தைய அழுக்கும் இருக்கும். வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பு மனிதரைக் கேலி செய்யும் காட்சி, சிரிப்புப் படங்களில்கூட, எதிர்பாராத இடத்தில் வந்து நிற்கும். நான் அந்த இடங்களில் நிறுத்தி, இது ஏன் சிரிப்பில்லை என்று சொல்லிவிட்டுத்தான் தொடர்வேன்.

இவ்வளவும் ஆன பிறகு அம்மாயி ஒரு நாள் கேட்டார், "நம்ம ஆளுக படம் இல்லையா புள்ள?"

அங்கேதான் மனசு கனத்தது. 1910களில் நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' இல்லை. டி.பி. ராஜலட்சுமி நடித்து 1931 அக்டோபர் 31இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இல்லை. இலங்கையர் நடித்த முதல் ஊமைப்படமான 'ராஜகீய விக்ரமய' 1925இல் எடுக்கப்பட்டது, பின்னாளில் நிதி அமைச்சரான என்.எம். பெரேரா அதில் கதாநாயகன். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ஓடி, இங்கே திரையிடுவதற்கு முன்பே எரிந்துபோனது. அன்றைய படச்சுருள் நைத்திரேற்று, தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியாமல் தப்பியதை வெள்ளி எடுப்பதற்காக உருக்கினார்கள். தென்னிந்திய ஊமைப்படங்களில் 'மார்த்தாண்ட வர்மா' மிஞ்சியது ஒரு வழக்கால். படத்துக்குக் கதை எடுத்த நாவலைப் பதிப்பித்தவர்கள் உரிமை கேட்டு நீதிமன்றம் போக, பிரதி அவர்கள் கையில் தங்கிவிட்டது. வழக்குப் போட்டதற்காக யாருக்காவது நன்றி சொல்லத் தோன்றியது எனக்கு அதுதான் முதல் தடவை.

1934இன் 'பவளக்கொடி' மிஞ்சியிருக்கிறது. பாகவதரின் முதல் படம், 50 பாட்டு. நேர்மையாய்ச் சொன்னால் என்னால் ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை. கமெரா நாடகக் கொட்டகையில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்த ஆள் மாதிரி அசையாது. பாட்டை நடிக்கும்போதே பாடிப் பதிய வேண்டிய காலம் அது, மைக்கை விட்டு நடிகர் எட்டப் போக முடியாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நாளுக்கு நான்கு பாட்டு என்று பிரித்து, ரேடியோ கேட்பது மாதிரிக் கேட்டேன். அம்மாயி காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். அப்படித்தான் அது சரிவந்தது. தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் 1936இல் இயக்கிய 'சதி லீலாவதி'யில் கதாநாயகன் கொலைப்பழிக்குப் பயந்து இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான் என்றதும் அம்மாயி நிமிர்ந்தார். அதே படத்தில் ஒரு சின்ன இன்ஸ்பெக்டர் வேடத்தில் எம்ஜிஆர் அறிமுகமானார் என்று சொன்னபோது தோட்டத்துக் கதை மறந்துபோய்விட்டது.

தேடித் தேடி இறுதியில் நான் தினமும் நடக்கும் பாதையில் வந்து முட்டினேன். கோட்டையிலிருந்து கொம்பனித்தெருவுக்குப் போகும் வீதிக்கு சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தை என்று பெயர். ஏதோ வெள்ளைக்காரத் துரை என்று நினைத்திருந்தேன். அவர் 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய தமிழர். அந்த வீதியில் நிற்கும் ரீகல் தியேட்டர் 1930இல் திறந்தது. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய சிங்களப் படம் 'ரேகாவ' அங்கே முதலில் திரையிடப்பட்ட தேதி டிசம்பர் 28. லூமியேர்களின் அதே தேதி. 1947 ஜனவரி 21இல் வந்த முதல் சிங்களப் பேசும்படம் 'கடவுனு பொரொந்துவ' மதுரையில் எடுக்கப்பட்டது, தயாரித்தவர் எஸ்.எம். நாயகம். அதில் நடித்த ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ், பிறந்தது றம்பொடையில். இதைப் பெரிய கண்டுபிடிப்பாய் வந்து சொன்னேன். "அது நம்ம மலைப் பக்கத்துப் புள்ளதானே, எல்லாருக்கும் தெரியுமே" என்றார் அம்மாயி. முப்பது வருடமாய் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடைசியாய் ஒன்று. 2022 டிசம்பர், வெட்டு குறைந்திருந்தாலும் நிற்கவில்லை. அன்று 'சோங் ஒஃப் சிலோன்' போட்டேன். 1934இல் பேசில் ரைட் இங்கே வந்து, தேயிலைப் பிரசாரச் சபைக்காக எடுத்த நாற்பது நிமிட ஆவணப்படம். கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த இங்கிலீஷ்காரர் ரொபர்ட் நொக்ஸ் எழுதி 1681இல் வந்த புத்தகத்திலிருந்து, இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் வாசிக்கும் குரல் அதில் இருக்கிறது. பேசும்படம் என்பதால் இயர்போனில் ஆளுக்கொரு காது. மூன்றாம் பகுதி வர்த்தகத்தைப் பற்றியது. மலைச்சரிவில் பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள், மேலே இங்கிலீஷ் ஆண்குரல்கள் சந்தை விலை சொல்கின்றன.

அம்மாயி காதிலிருந்ததைக் கழற்றி என் மடியில் போட்டார். "இவுங்க பேசுறது எனக்கு எதுக்கு."

நானும் கழற்றிவிட்டேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது வருடம் கூடை சுமந்தவர் அவர். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, விரல்கள் தானாக அசைய, "நிப்பாட்டு" என்றார். நிறுத்தினேன். "போடு." போட்டேன். "இன்னொருக்கா." பற்றரி 9 சதவீதத்தில் நின்றது. இந்தத் தடவை கதை சொல்லும் வேலை அவருடையது. கம்பளியை எப்படி மடித்துப் போடுவது, கூடைக் கயிறு நெற்றியில் எங்கே வெட்டும், கங்காணி எங்கே நிற்பார். பெயரே இல்லாத ஒரு பெண்ணைக் காட்டி, எங்க ஆத்தா இந்த மாதிரித்தான் நிப்பா என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தது. தெரு முழுக்கப் பிள்ளைகள் கூச்சல், ஃபேன் சுற்றத் தொடங்கியது, மேலே ட்யூப்லைட் இரண்டு தடவை கண்ணடித்து எரிந்து திரையை வெளிறடித்தது.

"லைட்ட அமத்து புள்ள" என்றார் அம்மாயி, தலையைத் திருப்பாமலே.